பிடித்த முதலாளியிடம் விடைபெறுவது எப்படி?



சென்ற வாரம் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது ஒரு தம்பி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் ஓர் இரும்புக்கடையில் எட்டு வருடமாக வேலை செய்கிறவர். "நானா, சொந்தமா கடை போட ஒரு இடம் கிடைச்சிருக்கு. முதலாளியிட்ட எப்பிடிச் சொல்றதெண்டு தெரியேல்ல. என்ட கலியாணத்தை முன்னுக்கு நிண்டு செஞ்சவர் அவர். ஊருக்குப் போயிட்டு வாறன் எண்டு சொல்லிட்டு அப்பிடியே நிண்டுருவமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

கெட்ட முதலாளியை விட்டுப் போக யாரும் இப்படி யோசிப்பதில்லை. நல்ல முதலாளி என்றால்தான் வாய் வருவதில்லை. கூச்சத்தில் ஒரு சின்னப் பொய் சொல்கிறோம். அந்தப் பொய் வெளியே வரும் நாளில் பல வருட உறவு அறுந்து போகிறது. இதில் நான் இரண்டு தடவை பாடம் படித்தவன். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை 1990. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. நகரத்தில் ஒரு தமிழ் முதலாளியின் கடையில் நின்றேன். கிட்டங்கித் திறப்பை என்னிடம் தந்து வைத்திருந்தார். அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடமாகாணம் முழுவதிலும் எழுபதாயிரம் பேருக்கு மேல் அப்படித்தான் வந்தோம். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல எங்களில் எத்தனையோ பேருக்கு அன்று வழியில்லை. புத்தளம் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால் அந்தத் திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கிட்டங்கிக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. முதலாளி திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "தம்பி, உமக்கு அக்டோபர் மாதச் சம்பளம் நான் தர வேணும். கொப்பி 95 இடம்பெயர்வில போட்டுது. கணக்கு மனசில கிடக்கு" என்று சொல்லிக் காசை எண்ணித் தந்தார். வேண்டாம் என்றேன். விடவில்லை. விடைபெறாமல் போனவனுக்குள்ளும், விடைகொடுக்காமல் இருந்தவருக்குள்ளும் பன்னிரண்டு வருடம் அந்தக் கணக்கு மூடப்படாமலே இருந்திருக்கிறது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை பிழை முழுக்க என்னுடையது. கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாஜியாரிடம் பத்து வருடம் நின்றேன். தொழில் முழுவதும் அவர் பழக்கியது. தனியாகக் கடை போட நினைத்தபோது, சொன்னால் மனம் நோவாரோ என்று பயந்து சொல்லவில்லை. கடைக்கு முற்பணம் கட்டிய செய்தி சரக்கு இறக்க வந்த லொறிக்காரர் வாயால் அவருக்குப் போனது. ஹாஜியார் ஏசவில்லை. "எனக்கிட்ட சொல்லியிருந்தா முதல் லோட் சாமானை நானே கடனுக்குத் தந்திருப்பனே" என்று மட்டும் சொன்னார். அந்த முதல் லோட் சாமானுக்காக நான் வட்டியில்லாக் கடன் தேடி ஏழு மாதம் அலைந்தேன்.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு அழகான முன்மாதிரிகள் இருக்கின்றன. நபி மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஒரு பெரியவரிடம் வேலைக்கு அமர்ந்த வரலாற்றைக் குர்ஆனின் 28ஆவது அத்தியாயம் சொல்கிறது. எட்டு வருடம் என்பது ஒப்பந்தம். பத்தாக்குவது அவர் விருப்பம். அவர் நீண்ட தவணையையே நிறைவேற்றினார் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்ததை ஸஹீஹ் புகாரியில் காணலாம். தவணையை முடித்த பிறகே குடும்பத்தோடு புறப்பட்டார். உனக்குக் கஷ்டம் கொடுக்க நான் விரும்பவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்ட அந்த எஜமானரையும் முதலாளிமார் கவனிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில் உயிருக்கே ஆபத்து இருந்தது. அப்போதும் மக்கா மக்கள் தங்களிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே போனார்கள். ஓர் இடத்தை விட்டுப் போகிறவன் முதலில் அங்குள்ள அமானிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னவை இவை.

முதலாவது, இஸ்திகாரா தொழுது முடிவை உறுதியாக்கிக்கொள்ளுங்கள். அரைகுறை மனதோடு போய்ச் சொன்னால், சம்பளம் கூட்டிக் கேட்க வந்திருக்கிறான் என்று முதலாளி நினைப்பார்.

இரண்டாவது, செய்தி உங்கள் வாயால்தான் போக வேண்டும், அதுவும் முதலில் அவருக்கே. வாடிக்கையாளர் நிற்கும் நேரத்திலும், காசுக்கணக்குப் பார்க்கும் நேரத்திலும் சொல்ல வேண்டாம். கடை மூடும் நேரம் நல்லது. சுற்றி வளைக்காமல், "உங்களிட்டப் படிச்ச தொழிலை வைச்சுத்தான் இறங்கப் போறன், துஆச் செய்யுங்க" என்றால் போதும். மனிதருக்கு நன்றி சொல்லாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்பது ஹதீஸின் கருத்து.

மூன்றாவது, நியமனக் கடிதத்தில் முன்னறிவித்தல் காலம் இருந்தால் அதன்படி நில்லுங்கள். கடிதமே இல்லாத கடையென்றாலும் ஒரு மாதமாவது கொடுங்கள். நோன்புப் பெருநாள் வியாபாரம் நெருங்கும்போது விட்டுப் போகாதீர்கள். விலகும் திகதியை எழுதி ஒரு கடிதமும் கொடுங்கள். அன்பிருந்தால் எழுத்து எதற்கு என்று கேட்காதீர்கள். அன்பு நிலைக்கத்தான் எழுத்து.

நான்காவது, ஒப்படைப்பு. எங்கள் கடைகளில் யார் எவ்வளவு கடன், எந்தச் செக் எப்போது போட வேண்டும், எந்த மேசன் எந்த மாதத்தில் காசு தருவார் என்பதெல்லாம் பழைய வேலையாளின் தலைக்குள் இருக்கிறது. அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஸ்டொக்கை எண்ணிக் காட்டுங்கள். வாங்கிய முற்பணம் இருந்தால் தீருங்கள். திறப்பைக் கையில் கொடுங்கள். முதலாளியின் கடன் வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு போவதும், அவர் கடைக்கு எதிரிலேயே கடை போடுவதும் சட்டப்படி குற்றமா என்று கேட்காதீர்கள். பரக்கத் இருக்குமா என்று கேளுங்கள்.

இனி ஹக்குக் கணக்கு. இது இரு தரப்பும் அறிய வேண்டியது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் 8 என்ற வீதத்தில் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். ஒரேயொரு வேலையாள் நின்றாலும் இவை கடமைதான். சேமலாப நிதி வேலையை விட்டவுடன் கைக்கு வராது. பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் வரும். அதனால் அங்கத்துவ இலக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். 60,000 ரூபா சம்பளத்தில் எட்டு வருடம் என்றால் 2,40,000 ரூபா. அதை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் கடைகளில் பெரும்பாலும் நாலு பேர், ஐந்து பேர்தான். இந்தச் சட்டம் நேரடியாகப் பிடிக்காவிட்டாலும், எட்டு வருடம் சிமெந்து மூட்டை சுமந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது ஒரு முஸ்லிம் வியாபாரிக்கு அழகல்ல.

முதலாளிமாரே, கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். வியர்வை உலர முன்னர் கூலி கொடுக்கச் சொல்லப்பட்ட உம்மத் நாங்கள். விலகுகிறவனைப் பற்றித் தெருவில் பேசாதீர்கள். இன்று உங்களிடமிருந்து போகிறவன் நாளை உங்களிடமே மொத்தமாகச் சாமான் எடுக்க வரலாம். என் ஹாஜியார் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். எனக்குத்தான் அப்போது கண் தெரியவில்லை.

நேற்று இரவு அந்தத் தம்பி போன் எடுத்தார். சொல்லிவிட்டாராம். முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெருநாள் முடியுமட்டும் நில்லு" என்றாராம். ஒரு மாதம் என்று நினைத்திருந்தவர், மூன்று மாதம் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கடைக்கு முதல் சரக்கு எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அல்லாஹ் நம் எல்லோருடைய தொழிலிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.