அப்பாவின் ட்ரக்கில் கேட்ட 'டிக் டிக்'

சனிக்கிழமைகளில் மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போவது அப்பாதான். போன மாசி மாதம் ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தவள், "அம்மப்பாட ட்ரக்கில போனா எனக்குத் தலையிடிக்குது" என்றாள். வகுப்புக்குப் போகாமல் இருக்கச் சாட்டுச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமையும் அதே கதை. மூன்றாவது கிழமை நானும் கூடவே ஏறினேன்.

ட்ரக் 2006ஆம் ஆண்டுப் பிக்கப். 5.4 லீட்டர் V8 எஞ்சின். குளிரில் ஸ்டார்ட் பண்ணியதும் வலது பக்கத்தில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். மார்க்கம் ரோட்டைத் தாண்டி 401இல் ஏறும்போது சத்தம் அடங்கிவிட்டது. "பழைய வண்டி பிள்ளை, கத்தும்தானே" என்றார் அப்பா. ஹீட்டரைக் கூட்டியபோது மெல்லிய புகை மணம் வந்தது எனக்கு.

அது வயதுபோன சத்தம் இல்லை. எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம். அதிலிருந்து புகையைச் சேர்த்துக் கொண்டுபோகும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்க, நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது ஸ்டட்களும் கஸ்கெட்டும்தான். அதோடு எங்கள் ஊர் வீதிகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டும் உப்பு. கறள் பிடித்த ஸ்டட் ஒருநாள் முறிந்துவிடும். பெரும்பாலும் முதலில் போவது ஓரத்தில், பின்பக்கமாக இருப்பது. அந்த இடைவெளியால் புகை அடிக்கும் சத்தம்தான் 'டிக் டிக்'. இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி ஒடுங்கிச் சத்தம் குறையும். அதனால்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

அந்தப் பின் மூலைக்குப் பக்கத்தில்தான் கபின் இருக்கிறது. ஹீட்டர் வெளிக்காற்றை இழுப்பதும் முன்கண்ணாடியின் அடியிலிருந்து. புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. நான் மணந்தது கூடவே வந்த மற்றப் புகையை. பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை முதலில் பிடிக்கும். தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று, தூக்கம். வெளியில் இறங்கிக் கொஞ்சநேரத்தில் சரியாகிவிட்டால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

2008இல் வூட்ஸ்டொக்கில் ஒரு குடும்பம் முழுதும் இந்த வாயுவால் இறந்தபின், அவர்களின் பெயரிலேயே ஒன்ராறியோவில் 2013இல் சட்டம் வந்தது. எரிபொருள் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் அலாரம் கட்டாயம். ஆனால் ட்ரக்கின் கபினுக்குள் அலாரம் கிடையாது. கையடக்கமான மீற்றர் ஒன்றை வாங்கி உள்ளே வைத்தேன். ஹீட்டரைப் போட்டதும் எண் ஏறத் தொடங்கியது.

"இது திருத்தும்வரைக்கும் பிள்ளையை ஏத்தவேண்டாம் அப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணியும் குடிக்காமல் கராஜுக்குள் போய்விட்டார்.

அப்பா 70களில் யாழ்ப்பாணத்தில் மெக்கானிக்குக்கு உதவியாளாக இருந்தவர். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். A40க்கும் மொரிஸ் மைனருக்கும் பாகம் கிடைக்காது. தாளை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கஸ்கெட்டைக் கையாலேயே வெட்டுவார்களாம். அதையே இங்கேயும் செய்யப் பார்த்தார். "இது பலமடிப்பு எஃகுக் கஸ்கெட் அப்பா, வெட்டினதை வைச்சால் எரிஞ்சுபோம்" என்றதும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

சித்திரையில் குளிர் குறைந்ததும் டிரைவ்வேயில் தொடங்கினோம். பற்றரியைக் கழற்றி, ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, சில்லுப் பக்க உறையை எடுத்தால்தான் மனிஃபோல்ட் தெரிந்தது. ஒரு பக்கத்துக்கு 8 ஸ்டட். பின்னால் ஒன்றின் தலையையே காணவில்லை. சுற்றிவரக் கரி.

மூன்று நாள் காலை மாலை கறள் எண்ணெய் அடித்துவிட்டுக் காத்திருந்தோம். பொறுமை இல்லாமல் ஒரு நட்டை நான் ஓங்கித் திருப்ப, ஸ்டட் படக்கென்று முறிந்தது. அப்பா ஏசவில்லை. "இதுக்குத்தான் சொல்றது, கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் கழட்டு, இறுக்கு, கழட்டு" என்று ஸ்பனரை வாங்கினார். மிச்சம் ஆறும் அவர் கையில் முழுசாக வந்தன.

முறிந்த இரண்டையும் நாங்கள் தொடவில்லை. துளை பிசகினால் தலைப்பகுதியே பாழ். வீட்டுக்கு வந்து செய்யும் மெக்கானிக் ஒருவர், முறிந்த துண்டில் நட்டு ஒன்றை வெல்டிங் பண்ணி ஒட்டினார். அந்தச் சூட்டில் கறள் விட்டுக்கொடுக்க, இரண்டும் திரும்பி வெளியே வந்தன. மனிஃபோல்ட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்தார். சற்று வளைந்திருந்ததால் மட்டப்படுத்தக் கொடுத்தோம். வளைந்ததையே திரும்பப் பூட்டினால் புது ஸ்டட்டும் முறியும்.

புது ஸ்டட், புது நட்டு, புது கஸ்கெட். பழையதில் ஒன்றையும் திரும்பப் போடவில்லை. நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களுக்குப் போய், கைநூலில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பனரால் இறுக்கினோம். எண்களை வாசித்துச் சொன்னது மகள்.

உங்கள் அப்பாவிடமும் ஒரு பழைய வண்டி இருக்கலாம். ஒன்ராறியோவில் சாதாரண வாகனங்களுக்கான டிரைவ் கிளீன் பரிசோதனை 2019 சித்திரையோடு நின்றுவிட்டது. நாங்கள்தான் பார்க்கவேண்டும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பொனெட்டைத் திறந்து காது கொடுங்கள். கராஜுக்குள் வைத்து வேண்டாம், வெளியில். வண்டிக்குள் யாருக்காவது தலை சுற்றினால் உடனே இறங்கி 911ஐ அழையுங்கள்.

இப்போது மீற்றர் 0 காட்டுகிறது. சனிக்கிழமைகளில் திரும்பவும் அம்மப்பாதான் டிரைவர். ஏறினதும் மகள் முதலில் மீற்றரைப் பார்க்கிறாள். "சரியோ?" என்று அப்பா கேட்பார். அவள் "ஓம்" என்ற பிறகுதான் கியரைப் போடுவார்.