பெட்டிக் கதவின் உட்புறம்

கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் ஒரு மில். மிளகாய்க்கு ஒரு மோட்டர், மாவுக்கு ஒரு மோட்டர், சுவரில் தகரப் பெட்டி. போன மாதம் ஒரு மோட்டர் நின்றுபோக, பெட்டியைத் திறந்தேன். எல்லா வயரும் ஒரே சிவப்பு. எதிலும் இலக்கம் இல்லை. கதவின் உட்புறம் ஒட்டியிருந்த மட்டையில் யாரோ பெட்டியை அப்படியே பார்த்து வரைந்திருந்தார். கோடுகள் இடியப்பமாய்க் கிடந்தன. பழுது ஒரு தளர்ந்த ஸ்குரூ ஆணி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம்.

பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறதென்று கண்ணுக்கே தெரியும். கரண்ட் போகிற வழிதான் தெரியாது. ஆகவே சுற்றுப்படத்தில் பொருட்களின் இடத்தை மறந்து, கரண்ட் ஓடும் ஒழுங்கில், அதுவும் கரண்ட் இல்லாத நிலையில் வரைவார்கள்.

மோட்டரை ஓட்டும் கொன்டக்டர் பெட்டிக்குள் ஒரே கட்டி. படத்திலோ அது துண்டு துண்டாகும். 400 வோல்ட்டை மோட்டருக்கு விடும் மூன்று முனைகள் ஒரு பக்கத்தில். அவற்றை இழுக்கும் சுருள், ஏ1–ஏ2, இன்னொரு பக்கத்தில். 13–14 என்ற துணைமுனை வேறோரிடத்தில். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: கே1.

சுருளுக்குக் கரண்ட் போகும் வழி இது: லைனிலிருந்து, மோட்டர் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் வெட்டும் ஓவர்லோட் றிலேயின் 95–96, நிறுத்தும் சிவப்புப் பொத்தான், ஓட்டும் பச்சைப் பொத்தான், சுருள், நியூட்ரல். பச்சைக்குச் சமாந்தரமாக 13–14. பச்சையை அமுக்கினால் சுருள் இழுக்கும், 13–14 சேரும், கையை எடுத்தாலும் மோட்டர் ஓடும். கரண்ட் போனால் எல்லாம் விட்டுவிடும். திரும்பி வந்தாலும் யாராவது அமுக்கும்வரை ஓடாது. அந்த நேரம் பெல்ட்டில் கைவைத்திருப்பவரைக் காப்பது இந்தச் சின்ன முனைதான். தர்க்கத்தில் சொன்னால், வரிசையில் நிற்கும் முனைகள் 'உம்', சமாந்தரமாக நிற்பவை 'அல்லது'. இதைத் தர்க்கக் கணிதமாக எழுதலாமென்று 1937இல் கிளாட் ஷனன் தன் முதுமாணி ஆய்வில் காட்டினார். கணினிச் சுற்றுகளுக்கு வழி திறந்தது அங்கேதான்.

வயரின் இரு முனையிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். இடையில் சுவிட்சோ சுருளோ வந்தால் மட்டுமே இலக்கம் மாறும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது: பழைய பிரித்தானிய முறையில் கறுப்பு நியூட்ரல், நீலம் ஒரு பேஸ், புதிய முறையில் கறுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். எந்த முறை என்று படத்தின் மூலையில் எழுதாதவர் அடுத்தவரின் உயிரோடு விளையாடுகிறார்.

அன்றிரவே புதுப்படம் வரைந்து, பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கதவில் ஒட்டினேன். மில்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"தம்பி, இதில என்ர மோட்டர் எங்க?"

வட்டத்துக்குள் 'எம்1' என்றிருந்ததைக் காட்டினேன். பேனையை வாங்கி, அதற்குக் கீழே 'மிளகாய்' என்று எழுதினார்.