ஈரக்குமிழ் சொல்லும் பனிக்கணக்கு

காஷ்மீரின் குல்மார்கில் 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், பனிச்சறுக்குச் சரிவுகளில் போதிய பனி இல்லாததால் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன. ஈஞ்சம்பாக்கத்து விஜிபி வளாகத்தின் பனி அரங்குக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தாம்பரம், பல்லாவரம் பெற்றோருக்கு, சென்னை வெயிலிலேயே பனி நிலைக்குமென்றால் இமயமலையில் அதை ஏன் இயந்திரத்தால் பொழியவைக்கக் கூடாது என்ற கேள்வி எழுவது இயல்பே. அரங்கு என்பது நாற்புறமும் அடைத்த குளிரறை. அங்கே மின்சாரம் வேண்டிய குளிரைத் தந்துவிடுகிறது. திறந்த சரிவில் நிற்கும் இயந்திரமோ காற்றின் குளிரை மட்டுமன்றி அதன் வறட்சியையும் நம்பியிருக்கிறது.

வரலாறு சுருக்கமானது. ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் 1927இல் குல்மார்கில் பனிச்சறுக்குச் சங்கம் நிறுவினார்கள். 1950இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலப் பொறியாளர்கள் அழுத்தக் காற்றோடு நீரைச் சேர்த்துப் பீய்ச்சிப் பனி செய்தார்கள். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அத்தகைய கருவிகள் உத்தராகண்டின் அவுலிக்கும் வந்தன.

பனிப்பீரங்கி எனப்படும் இக்கருவி பனியைச் செய்வதில்லை; நீரை நுண்துளிகளாகச் சிதறடிப்பதே அதன் வேலை, உறையவைப்பது காற்று. மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் பானைத் தண்ணீர் குளிர்கிறது; அவ்வாறே சிதறிய ஒவ்வொரு துளியும், சுவரும் நீரும் கசிவும் ஒன்றாகிவிட்ட ஒரு பானையாகும். பானை மணல்மேல் அமர்ந்து காற்றுக்காகக் காத்திருக்கிறது. துளியோ விழும் வேகத்திலேயே தனக்கான காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. பானைக்கு ஒரு பகல் முழுதும் உண்டு, துளிக்குத் தரையைத் தொடும்வரையிலான சில வினாடிகளே உண்டு என்பதால்தான் பல கருவிகளை உயர்ந்த கம்பங்களில் நிறுத்துகிறார்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,500 ஜூல் வெப்பம் தேவைப்படுகையில், ஒரு கிராம் நீர் உறைய அதிலிருந்து நீங்க வேண்டியது 334 ஜூல் மட்டுமே. ஆகவே துளியின் சிறு பங்கு ஆவியாகித் தன்னைப்போல் ஏழு மடங்கு நீரை உறையவைக்க வல்லது.

இந்தக் குளிர்ச்சி எந்த அளவில் நிற்கும் என்பதைக் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவாவதும் இதே அளவுதான். 40 டிகிரி வெயிலில் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதமானால் ஈரக்குமிழ் சுமார் 26 டிகிரியில் நிற்கும். கடற்காற்று நுழைந்து வெயில் 35 டிகிரிக்குத் தணிந்தாலும், ஈரப்பதம் 60 சதவீதமாக ஏறிவிட்டால் அது 28 டிகிரியைத் தாண்டிவிடும். மலையிலும் கணக்கு மாறுவதில்லை. காற்று 1 டிகிரியில் இருந்தாலும் ஈரப்பதம் 20 சதவீதமானால் ஈரக்குமிழ் கழித்தல் 4 டிகிரிக்கு அருகே இறங்குவதால் பனி கிடைக்கும். கழித்தல் 1 டிகிரியில் மூடுபனி சூழ்ந்திருந்தால், வெறும் வெப்பமானிக்கு அது கூடுதல் குளிராகத் தோன்றினாலும், பனி கிடைக்காது.

குளிர்ந்த துளியும் தானாக உறைந்துவிடுவதில்லை. தூய நுண்துளிகள் கழித்தல் 38 டிகிரி வரைகூட நீராகவே நீடிக்கக்கூடும் என்பதால், உறைதலைத் தொடங்கிவைக்க ஒரு விதை வேண்டும். அழுத்தக் காற்று விரிந்து திடீரெனக் குளிரும்போது பிறக்கும் நுண்பனித் துகள்கள் அந்த விதையாகின்றன. இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியாவின் புரதமும் இதற்குப் பயன்படுகிறது. இவ்வாறு வெளியிலிருந்து உள்நோக்கி உறையும் துளிகள், ஆறு கைகள் கொண்ட பனிப்படிகமாக வளர வாய்ப்பின்றி, அடர்ந்த உருண்டைகளாகவே தரையில் படிகின்றன.

எங்கும் எப்போதும் பனி தருவதாக முழங்கும் திட்டங்களிடம், ஈரக்குமிழ் போதிய அளவு இறங்கும் இரவுகள் எத்தனை, நீர் எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். இவற்றில் இரண்டாவதே கனமானது. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுச் சுழற்சிகள் மத்தியதரைக் கடல் வரையிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து காஷ்மீரில் கொட்டுகின்றன. அந்தப் பனியே கோடையில் உருகி ஓடைகளுக்கும் வயல்களுக்கும் போகிறது. இயந்திரமோ மலையில் ஏற்கெனவே உள்ள நீரை எடுத்து மலைமேலேயே பரப்புகிறது. ஒரு போட்டியை அது காப்பாற்றலாம். பொய்த்த குளிர்காலத்தை ஈடுசெய்ய அதனால் இயலாது.