பார்த்தால் ராணுவத் துப்பாக்கி; சுட்டால் ஒவ்வொரு தோட்டா!

தேர்தல் வந்தால் திருத்தணியிலும் சரி, எல்லை தாண்டி நகரியிலும் சரி, லைசென்சு துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நம் நாட்டு இஷாப்பூர் பாயிண்ட் 315 ரைபிள் சாது. சுட்டதும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். பார்த்தாலே தெரியும்.

பிரிட்டனில் கதையே வேறு. 1987 ஆகஸ்டு 19-ந் தேதி ஹங்கர்போர்டு ஊரில் ஒரு ஆசாமி 16 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, தானும் சுட்டுக்கொண்டு செத்தான். 1988-ல் சட்டம் வந்தது. பாயிண்ட் 22 சின்ன ரைபிள் நீங்கலாக, தானே தோட்டா ஏற்றும் ரைபிள்களுக்குத் தடை!

குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் விடுவார்களா? அமெரிக்க ஏ.ஆர்.15-ன் அதே உருவம்; வெடிப் புகையின் வேகத்தில் தானே இயங்கும் அமைப்பு மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கையால் இழுக்கணும். சட்டப்படி சரிதான். தூரத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கு வித்தியாசம் தெரியணுமே, அதுதான் வம்பு.