கை நடுக்கமும் கண்ணாடி வில்லையும்

இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டும் வேலை பொழுது புலருமுன்னரே தொடங்கிவிடும். அம்மங்கல் ஒளியில் தொழிலாளியைப் படம் பிடிக்க முயல்வோர் பலர் ஏமாற்றமே அடைவர். உருவம் தெரியும், ஆனால் முகம் கலங்கியிருக்கும். புக்கிட் ரம்பாயை உள்ளிட்ட மலாக்கா மாநிலத்தில் இரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்டன. பால்வெட்டில் தேர்ந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். அவர்தம் தொழிலைப் பள்ளிகள் படமாக்கிக் காப்பது நற்பணி. அப்படம் கலங்கிப்போயின், மீண்டும் எடுக்கும் வாய்ப்பு வாராமலே போகலாம். ஆதலின், கலக்கத்தின் காரணத்தையும், அதைத் தடுக்கும் 'நடுக்கத் தடுப்பு' அமைப்பின் இயல்பையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

நடுக்கம் ஒன்று, விளைவு வேறு

எத்துணை உறுதியான கையும் சிறிது நடுங்கவே செய்யும். படக்கருவி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்வதாகக் கொள்வோம். குவியத் தொலைவு 24 மி.மீ. உள்ள அகலக்கோண வில்லையில் பிம்பம் ஏறத்தாழ 0.04 மி.மீ. நகரும். 50 மி.மீ. வில்லையில் அது 0.09 மி.மீ. ஆகும். 300 மி.மீ. தொலைநோக்கு வில்லையிலோ 0.5 மி.மீ.க்கு மேற்படும். படத்தைப் பத்து மடங்கு பெருக்கி அச்சிட்டால், முதலாவதில் அரை மி.மீ.க்கும் குறைவான கலக்கமே தோன்றும். மூன்றாவதில் அது 5 மி.மீ. அளவாகிவிடும். கை ஒன்றே, நடுக்கமும் ஒன்றே. வில்லைக்கேற்ப விளைவு வேறாகின்றது.

இதனாலேயே, 50 மி.மீ. வில்லைக்கு நொடியில் 50இல் ஒரு பங்கு, 300 மி.மீ. வில்லைக்கு 300இல் ஒரு பங்கு என ஒளிபுகும் நேரத்தைச் சுருக்கும் வழக்கம் படக்கலைஞரிடையே ஏற்பட்டது. தமிழகத்துக் காட்டுயிர் அறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) யானை மீதமர்ந்தும் விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தவர். நடுக்கம் தடுக்கும் வில்லை அக்காலத்தில் இல்லை. அசையும் யானையின் மேலிருந்து தொலைநோக்கு வில்லையைக் கையாளுதல் எத்துணை அரிது என்பதை மேற்கண்ட கணக்கே உணர்த்தும்.

இருவகை அமைப்பு

ஒற்றை வில்லைப் படக்கருவிக்குரிய மாற்று வில்லைகளுள் இவ்வமைப்பைப் பெற்று முதலில் விற்பனைக்கு வந்தது, 1995இல் கேனன் நிறுவனம் வெளியிட்ட 75–300 மி.மீ. வில்லையாகும். அதனுள் உள்ள சுழற்சி உணரிகள் சாய்வை அளக்கும். உடனே ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்ப்புறமாக நகர்ந்து, பிம்பத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தும். இது வில்லைவழித் தடுப்பு.

மற்றொரு முறையில், ஒளியை ஏற்கும் உணர்தகடே நகரும். மினோல்டா நிறுவனம் 2003இல் வில்லை கழற்றப்படாத ஒரு கருவியிலும், கொனிக்கா மினோல்டா 2004இல் வில்லை மாற்றத்தக்க கருவியிலும் இதனைக் கொணர்ந்தன.

இரண்டனுள் எது சிறந்தது? தொலைநோக்கு வில்லையில் பிம்பம் மிகுதியாக நகர்வதால், தகடும் அத்துணைத் தொலைவு ஓடவேண்டும். அதன் ஓட்டத்திற்கு எல்லையுண்டு. ஆகவே நீண்ட வில்லைக்கு வில்லைவழித் தடுப்பே பொருத்தமுடையது. குறுகிய குவியத் தொலைவுக்குத் தகட்டுவழி போதும். அன்றியும், கருவி சக்கரம்போல் தன் அச்சிலேயே சுழலும் நடுக்கத்தைத் தகடு மட்டுமே திருத்தவல்லது. பழைய வில்லைகளும் தகட்டுவழியால் பயன்பெறும். ஆயினும் அவற்றின் குவியத் தொலைவைக் கருவிக்கு நாமே தெரிவிக்க வேண்டிவரும். இன்று இரு முறைகளும் இணைந்தியங்கும் கருவிகளும் உள.

அகலமும் அண்மையும்

மிக அகன்ற கோண வில்லையில் ஒரு நுட்பம் உண்டு. சாய்வினால் படத்தின் நடுப்பகுதி நகர்வதைவிட ஓரங்கள் மிகுதியாக நகரும். நடுப்பகுதியைக் கணக்கிட்டு நடுக்கத்தைத் திருத்தினாலும், மூலைகளில் சிறிது கலக்கம் எஞ்சலாம்.

பூச்சி, பூ, பால் சொட்டும் வெட்டுவாய் ஆகியவற்றை மிக அருகிலிருந்து எடுக்கும்போது வேறொரு சிக்கல் எழும். தொலைவிலுள்ள பொருளுக்குச் சாய்வு மட்டுமே பெருந்தீங்கு. அண்மையிலோ, கை மேலும் கீழும் பெயர்வதும் தீங்காகும். பொருளின் அளவும் பிம்பத்தின் அளவும் ஒன்றாயின், கை 0.1 மி.மீ. பெயர்ந்தால் பிம்பமும் 0.1 மி.மீ. நகரும். சாய்வை மட்டும் அளக்கும் உணரி இதனை அறியாது. இக்குறையை நீக்க, பெயர்ச்சியையும் அளக்கும் 100 மி.மீ. வில்லையைக் கேனன் 2009இல் வெளியிட்டது.

எல்லை அறிதல்

இவ்வமைப்பின் திறனைப் 'படி' எனும் அளவால் குறிப்பர். ஒரு படி நேரத்தை இரட்டிக்கும். 5 படி என்றால் 32 மடங்கு. 300இல் ஒரு பங்கு நொடி வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 10இல் ஒரு பங்கு போதும். ஆனால் தடுக்கப்படுவது எடுப்பவரின் நடுக்கமே, எடுக்கப்படுபவரின் அசைவன்று. செங் சன்னாசிமலையில் மாசிமகத்தின்போது இரவில் எடுக்கும் படத்தில் கோபுரம் தெளிவாகவும் நடந்துசெல்லும் பக்தர்கள் கலங்கியும் தோன்றினால், அது கருவியின் பழுதன்று. பால்வெட்டும் கையும் அவ்வாறே. அதனைத் தெளிவுறப் பதிக்க நேரத்தைச் சுருக்குவதும், வெளிச்சத்தை மிகுவிப்பதுமே வழி.

முக்காலியில் நிறுத்தும்போது, பழைய வில்லைகளில் இவ்வமைப்பை நிறுத்திவிடுதல் வேண்டும். இல்லாத நடுக்கத்தை இருப்பதாகக் கொண்டு, அவை தாமே கலக்கத்தை விளைவித்தல் கூடும். ஓடும் மாணவனைக் கருவியால் பின்தொடர்ந்து எடுக்கையில், குறுக்கசைவை விடுத்து மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் தடுக்கும் நிலையைச் சில வில்லைகள் தருகின்றன.

ஆகவே, பள்ளிக்குக் கருவி வாங்குவோர் முதலில் எதை எடுக்கப் போகின்றோம் என்பதை முடிவு செய்தல் வேண்டும். வகுப்பறைக்கும் குழுப்படத்திற்கும் குறுகிய வில்லையே போதுமாதலின், இவ்வமைப்புக்கெனப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. தொலைவிலுள்ள பறவைக்கோ, இவ்வமைப்பு செலவிடும் பணத்துக்குத் தக்க பயன் தரும். முதியவரின் தொழிலைப் பதிக்க விரும்புவோர்க்கோ, அவரை அரைநொடி அசையாது நிற்கச் சொல்லும் அன்பான வேண்டுகோளும், விலை மலிந்த முக்காலி ஒன்றும் எந்த வில்லைக்கும் குறைந்த துணையல்ல.