குழலுக்குள் பாடிய குரல்

விழுப்புரம் சாலையில் புதுச்சேரியை நெருங்கும்போது ரெட்டியார்பாளையம் வருகிறது. அங்கே என் சிநேகிதி வீட்டுக் கூடத்தில் குழல் வைத்த கிராமபோன் பெட்டி ஒன்று இருக்கிறது. சாவி கொடுத்தால் இன்றும் பாடுகிறது!

பாட்டைக் கேட்கத்தான் அந்தக் குழல் என்று நினைக்கிறீர்களா? பாட்டைப் பிடித்ததும் அப்படி ஒரு குழல்தான். 1925-க்கு முன் ஒலிப்பதிவுக்கு மைக் ஏது? குழலின் வாயருகே முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்ச்சியில் மெல்லிய தகடு ஆடும். அதோடு சேர்ந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். சுமார் 3 நிமிஷந்தான் அவகாசம். நடுவில் தும்மினால் போச்சு, மறுபடி புது மெழுகு!

வித்துவான்கள் பலர் தயங்கியபோது துணிந்து முன்வந்தவர்கள் பெண்கள். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடினார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். பெயர் மாறிவிடக் கூடாதே என்று பாட்டின் முடிவில் தம் பெயரையும் சொல்லி வைத்தார். கெட்டிக்காரி!

நம் பக்கத்தில் கோயமுத்தூர் தாயி. அவர் பாடிய அருட்பாத் தட்டில் மனத்தைப் பறிகொடுத்தவர் மோரீஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர். 1912-ல் இந்தியா வந்தவர் அவர். அந்தத் தட்டை வைத்தே 'ராகமாலிகா' என்று பியானோவோடு பாடும் உருப்படி ஒன்றை அமைத்தார். நம் மத்தள ஓசை வேண்டுமென்று பியானோத் தந்திக்கடியில் அட்டையைச் செருகச் சொன்னாராம்!

தாயி 1917-லேயே காலமாகிவிட்டார். மைக்கை அவர் கண்டதே இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் கிடக்கின்றனவா? கடைக்காரனிடம் போடுமுன் லேபிளைத் துடைத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள்.