கொத்தனார் புதியவர், சித்தாள் பழையவர்

சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினியில் புதிய கேம் ஒன்று திணறினால், கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்ற யோசனை வரும். கூடவே இரண்டு அறிவுரைகளும் வந்து சேரும். பழைய பிராசசரோடு எந்தப் புதிய கார்டைப் போட்டாலும் காசு வீண் என்பார் ஒருவர். பழைய பிராசசருக்கு விலை குறைந்த கார்டு போதும், இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும் என்பார் இன்னொருவர். முதலாவது வெறும் மிகை. இரண்டாவது நியாயமாகத் தோன்றுவதால் பலரும் அதை நம்பி ஏமாறுகிறார்கள். பழைய கணினிக்காரர்கள் தேடி வாங்கும் மலிவுக் கார்டுகளில் சில, பழைய கணினியில்தான் அதிகம் தடுமாறுகின்றன.

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும், சித்தாள் கல்லும் கலவையும் கொண்டு வரும் வேகத்தில்தான் சுவர் எழும். கேமில் பிராசசர்தான் சித்தாள். யார் எங்கே நகர்கிறார், எது எதன்மேல் மோதுகிறது, அடுத்து எதை வரைய வேண்டும் என்று கணக்கிட்டு அது கொடுத்த பிறகே கார்டு படத்தை வரையும். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் சுமார் 16.7 மில்லிநொடிக்குள் இருவரும் முடித்தாக வேண்டும். ஆனால் இந்த இணையின் பலவீனம் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். திரையில் புள்ளிகள் கூடினால் கார்டின் வேலை பெருகும், பிராசசரின் வேலை பெரும்பாலும் அப்படியே இருக்கும். கொத்தனார் நுணுக்கமான பூச்சு வேலையில் இறங்கினால் சித்தாளுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பதைப் போல. ஆகவே, 4கே திரையில் 60 ஃபிரேமுக்கு ஈடுகொடுக்கும் அதே பிராசசர், 1080பி திரையில் 144 ஃபிரேம் கேட்டால் கையை விரித்துவிடலாம். எந்தத் திரை, எத்தனை ஃபிரேம் என்று கேட்காமல் இந்த ஜோடி இத்தனை சதவீதம் வீண் என்று சொல்லும் கணக்கு எதுவும் பயன்படாது.

இனி மலிவுக் கார்டுகளுக்கு வருவோம். ஏஎம்டி 2022 ஜனவரியில் வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் 4 ஜிபி நினைவகம்தான் உண்டு. மதர்போர்டோடு அது பேசும் பாதைகளும் நான்கே. பெரிய கார்டுகளுக்குப் பதினாறு. இந்தப் பாதைகளின் தரநிலையான பிசிஐஇயின் 4.0 பதிப்பு உள்ள புதிய போர்டில் அந்த நான்கு பாதைகளில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி தரவு போகும். பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில் அது பாதியாகிவிடும். இன்டெல்லின் 10ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் வரை எல்லாம் இந்தப் பழைய ரகமே. 4 ஜிபி நிரம்பியதும் கணினியின் பொது நினைவகத்திலிருந்து இழுக்க வேண்டிய தரவு இந்தக் குறுகிய சந்தில் மாட்டிக்கொள்கிறது. பதினாறு பாதைக் கார்டைப் பழைய போர்டில் பொருத்தினாலும் வேகம் பாதியாகும்தான், ஆனால் மிச்சமே தாராளம் என்பதால் கேமில் வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

இரண்டாவது சான்று இன்டெல்லின் ஆர்க் பி580. 2024 டிசம்பரில் 249 டாலர் விலையில், 12 ஜிபி நினைவகத்தோடு வந்தது. அதிவேகப் பிராசசர்களோடு சோதித்த தொடக்க விமர்சனங்கள், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060ஐ அது பல கேம்களில் முந்துவதாகப் பாராட்டின. அடுத்த சில வாரங்களில் ஏஎம்டியின் ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசர்களோடு சோதித்தபோது, சில கேம்களில் வரிசை தலைகீழானது. காரணம் டிரைவர். கார்டுக்கான கட்டளைகளைத் தயாரிக்கும் அந்த மென்பொருள் பிராசசரில்தான் ஓடுகிறது. அதன் பளு கூடினால் ஏற்கெனவே இளைத்த சித்தாளின் தலையில்தான் இன்னொரு கூடை ஏறும்.

டிரைவர் நாளடைவில் திருந்துமே என்று கேட்கலாம். திருந்தலாம், ஆனால் வாக்குறுதியை நம்பி வாங்குவதைவிட, வாங்கும் நாளில் உள்ள நிலையைப் பார்த்து வாங்குவதே விவேகம். ‘என் பிராசசர் 40 சதவீதம்தான் வேலை செய்கிறது, அது எப்படித் தடையாகும்?’ என்பது அடுத்த கேள்வி. அந்த எண் எல்லாக் கோர்களின் சராசரி. ஒரே கோர் முழுப் பளுவில் திணற, மற்றவை சும்மா இருந்தாலும் சராசரி குறைவாகவே தெரியும். கார்டே இடைஃபிரேம்களை உருவாக்கும் புதிய வசதி இருக்கிறதே என்றும் சொல்வார்கள். அது காட்சியை வழுவழுப்பாக்கும். ஆனால் பொத்தானை அழுத்தியதும் கேம் எதிர்வினை காட்டும் வேகம் அதனால் கூடாது.

எதை மாற்றுவது என்று தெரிந்துகொள்ளக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் தடை கார்டில். புதிய கார்டு பலன் தரும். அப்போதும் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் பாதைகளின் எண்ணிக்கையையும், நினைவகத்தையும், பழைய பிராசசரோடு அந்தக் கார்டு சோதிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். எண்ணிக்கை அசையாவிட்டால் தடை பிராசசரில். அதற்காகக் கணினி முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. ஏஎம்டி பிராசசர்களுக்காக 2017இல் வந்த ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிகிறது. அப்படிப்பட்ட வீட்டில் கொத்தனார் அப்படியே இருக்கட்டும். சித்தாளை மாற்றினால் போதும்.